மீன் பிடிபட்டதை யார் பார்த்தது? கோடிகள் புரளும் தூண்டில் போட்டிகளும் தகுதி நீக்கமும்

2022 செப்டம்பர் 30. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், க்ளீவ்லாண்ட் நகரம், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கார்டன் பூங்கா. வால்ஐ என்கிற நன்னீர் மீனுக்கான தூண்டில் போட்டித் தொடரின் கடைசிக் கட்டம் அன்று நடந்தது. ஒரு அணிக்கு ஐந்து மீன் கணக்கு. ஐந்தும் சேர்ந்து யாருக்கு அதிக எடையோ அவருக்குப் பரிசு. ஜேக்கப் ரன்யன், சேஸ் கொமின்ஸ்கி என்ற இருவர் அணி கொண்டுவந்த மீன்கள் 33.91 பவுண்ட் காட்டின, பதினைந்து கிலோவுக்கும் மேல். முதல் பரிசு சுமார் 28,760 டாலர்; அன்றைய மதிப்பில் 23 லட்சம் ரூபாய்க்குப் பக்கம். அந்த ஆண்டின் சிறந்த அணி என்ற பட்டமும் அவர்கள் கைக்கு வரும் நிலை.

போட்டியை நடத்திய ஜேசன் ஃபிஷருக்குக் கணக்கு உதைத்தது. பார்வைக்கு ஒவ்வொன்றும் நாலு பவுண்ட் மீன் போல இருக்கிறது, தராசு ஒன்றுக்கு ஏழு பவுண்டை ஒட்டிக் காட்டுகிறது. ஒரு மீனை எடுத்து வயிற்றை அமுக்கினார். உள்ளே கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. எல்லோர் முன்னாலும் கத்தியால் கிழித்தார். ஈயக்குண்டு வெளியே வந்தது. ஐந்து மீனிலும் சேர்த்து 12 அவுன்ஸ் குண்டு எட்டு, 8 அவுன்ஸ் குண்டு இரண்டு. மொத்தம் ஏழு பவுண்ட் ஈயம். போதாததற்கு வேறு வால்ஐ மீன்களிலிருந்து அரிந்தெடுத்த சதைத் துண்டுகளையும் உள்ளே திணித்திருந்தார்கள். கூட்டம் அடிக்கப் பாய்ந்தது. யாரும் கை வைக்க வேண்டாம் என்று தடுத்து அந்த இருவரையும் கிளம்பச் சொன்னதும் அதே ஃபிஷர்தான். கைபேசியில் யாரோ எடுத்த காணொளி உலகம் முழுக்கப் பரவியது. தூண்டிலையே தொட்டுப் பார்க்காதவர்கள்கூட அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிப்பு இருக்கட்டும். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மீன் பிடிபட்ட இடத்தில் யாரும் இல்லை. அது எங்கே, எப்போது, எப்படிப் பிடிபட்டது என்பதற்குப் பிடித்தவர் வாய்மொழி மட்டும்தான் சாட்சி. கிரிக்கெட்டில் நடுவர் இருபத்திரண்டு கெஜத்துக்குள் நிற்கிறார், போதாதென்று பத்துப் பதினைந்து கேமரா. தூண்டில் போட்டியிலோ விளையாட்டு முழுவதும் கரையிலிருந்து பல மைல் தள்ளி, ஆளரவமற்ற தண்ணீரில் நடந்து முடிந்துவிடுகிறது. நடுவர் பார்ப்பது ஒரு மீனையும் ஒரு தராசையும் மட்டுமே. இந்த விளையாட்டின் விதிகள் ஏன் இத்தனை கெடுபிடியாக இருக்கின்றன, ஏமாற்றாதவர்களும் ஏன் அவ்வப்போது கோடிகளை இழந்து நிற்கிறார்கள் என்பதையெல்லாம் இங்கிருந்து பார்த்தால்தான் புரியும்.

பரிசுப் பணம் யாருடையது

விளம்பர நிறுவனங்கள்தான் இவ்வளவு பணம் கொடுக்கின்றன என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சில போட்டிகளில் அது உண்மைதான். ஆனால் பெரிய கடல்மீன் போட்டிகளில் பரிசுத் தொகையின் பெரும்பகுதி போட்டியாளர்களே கட்டிய பணம். அடிப்படை நுழைவுக் கட்டணம் ஒன்று இருக்கும். அதற்கு மேல் விருப்பப்பட்டவர்கள் சேர்ந்துகொள்ளும் தனித்தனிப் பந்தயத் தட்டுகள் இருக்கும். முதல் நாளின் பெரிய மீனுக்கு ஒன்று, 500 பவுண்டைத் தாண்டும் முதல் மீனுக்கு ஒன்று என்று அடுக்கடுக்காகப் போகும். இந்தப் பந்தயத் தட்டுகளை அங்கே கல்கத்தா என்று சொல்கிறார்கள். நம்ம கல்கத்தாவேதான், வெள்ளைக்காரர்கள் காலத்துப் பந்தய ஏலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். எல்லாத் தட்டிலும் பணம் கட்டிய படகு வென்றால் அள்ளிக்கொண்டு போகும். அடிப்படைக் கட்டணம் மட்டும் கட்டிய படகு அதைவிடப் பெரிய மீனைப் பிடித்தாலும் கொஞ்சத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

மேரிலாந்து மாநிலத்தின் ஓஷன் சிட்டியில் 1974-இலிருந்து நடக்கும் ஒயிட் மார்லின் ஓப்பன் போட்டியில் 2022-இல் ஒரே ஒரு வெள்ளை மார்லின் சுமார் 45 லட்சம் டாலர் வென்றது. நம் கடற்கரையில் மயில்மீன் என்கிறோமே, அதன் இனம்தான் மார்லின். அந்த மீனின் எடை 77.5 பவுண்ட், 35 கிலோ. கிலோவுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது.

ஆகவே இங்கே ஏமாற்றுகிறவர் பக்கத்துப் படகுக்காரர் சட்டைப்பையில்தான் கை விடுகிறார். க்ளீவ்லாண்ட் கூட்டம் அப்படிக் கொதித்ததற்கும் இதுதான் காரணம். அந்த இருவர் முந்தைய போட்டிகளில் வென்றபோதெல்லாம் இரண்டாம் இடத்தில் நின்றவர்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஏமாற்றும் வழிகள்

ஈயம் திணிப்பது பழைய வித்தை. 2009-இல் டெக்சஸ் மாநிலத்தின் ரே ஹப்பர்ட் ஏரியில் 55,000 டாலர் பெறுமான படகைப் பரிசாக அறிவித்த, பாஸ் என்கிற நன்னீர் மீனுக்கான ஒரு போட்டியில் ஒருவர் பத்துப் பவுண்டுக்கும் கூடுதலான மீனோடு வந்தார். மீனைத் தொட்டியில் விட்டதும் அது நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே ஒரு பவுண்ட் ஈயம். அவருக்குப் பதினைந்து நாள் சிறையும் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் கிடைத்தன.

ஈயம் சோம்பேறியின் வழி என்றுதான் சொல்வேன். வயிற்றைக் கிழித்தால் கதை முடிந்தது. கொஞ்சம் யோசிப்பவர்கள் உண்மையான மீனையே கொண்டுவருவார்கள், வேறு இடத்திலிருந்து அல்லது வேறு நாளிலிருந்து. முன்கூட்டியே பிடித்த மீனைக் கூடையிலோ கயிற்றிலோ தண்ணீருக்குள் கட்டி வைத்துவிட்டு, போட்டியன்று போய் அவிழ்த்துக்கொண்டு வருவது இதில் ஒரு வகை. 2005-இல் லூசியானாவின் ரெட் ரிவர் ஆற்றில் நடந்த போட்டியில், மரக்கட்டையில் கட்டிக்கிடந்த பாஸ் மீன்களை இன்னொரு போட்டியாளர் கண்டுபிடித்துத் தகவல் சொன்னார். வனவிலங்குத் துறை அதிகாரிகள் மீன்களை எடுக்கவில்லை. மீனின் துடுப்பில் சின்னதாக ஒரு வெட்டு அடையாளம் போட்டு அப்படியே விட்டுவிட்டுக் கரையில் காத்திருந்தார்கள். அடையாளம் போட்ட மீன் எடை மேடைக்கு வந்தது. போலீஸ் வேலை என்றால் இதுதான்.

வேறு நீர்நிலையின் மீனைக் கடத்திக்கொண்டு வருவது இன்னொரு வகை. 2018-இல் யூட்டா மாநிலத்தின் லேக் பவல் ஏரியில் நடந்த பாஸ் போட்டியில் இரண்டு பேர் கொண்டுவந்த மீன்கள் மற்றவர்களின் மீனைப் போல இல்லை. உடல் வேறு வாகு, துடுப்புகள் சிவந்திருந்தன. அந்த ஏரி மீனைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு உடனே சந்தேகம். மாநில வனவிலங்குத் துறை அந்த மீன்களை யூட்டா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அங்கே பார்த்தது மீனின் காதுக்குள் இருக்கும் கல். கத்தாழை மீனின் மண்டையில் வெள்ளைக் கல் கிடைக்குமே, அதேதான். மீன் வளர வளர அந்தக் கல்லும் மரத்தின் வளையம் போல அடுக்கடுக்காக வளர்கிறது. மீன் வாழும் தண்ணீரில் உள்ள ஸ்ட்ரான்சியம் போன்ற தனிமங்கள் அந்தந்த அடுக்கில் படிகின்றன. ஒவ்வொரு ஏரியின் பாறையும் மண்ணும் வேறு என்பதால் தண்ணீரின் வேதிக் கையெழுத்தும் வேறு. அந்த மீன்கள் லேக் பவலில் வளர்ந்தவையே இல்லை, குவெயில் க்ரீக் என்ற வேறொரு நீர்த்தேக்கத்தில் வளர்ந்தவை என்று கல் சொன்னது. பரிசு என்னவோ இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர்தான். அதற்காக உயிருள்ள மீனை ஊர்விட்டு ஊர் சுமந்து, கடைசியில் குற்ற வழக்கு வாங்கிக்கொண்டார்கள்.

இங்கிலீஷ் கால்வாயில் இருக்கும் கெர்ன்ஸி தீவில் நடந்தது இன்னும் கூத்து. 2012-இல் ஒருவர் அங்கிருக்கும் மீன் காட்சியகத்திலிருந்தே பெரிய கடல் பாஸ் மீனைத் திருடிக்கொண்டு போய்ப் போட்டியில் 800 ஸ்டெர்லிங் பவுண்ட் பரிசு வாங்கினார். வெற்றிப் புகைப்படம் வெளியானது. காட்சியகக்காரர் தன் மீனின் உடலில் இருந்த அடையாளங்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்! நூறு மணி நேர சமூக சேவை தண்டனை.

இந்த வழக்குகளையெல்லாம் கவனித்தால், பெரும்பாலும் மோசடியைப் பிடித்தது விதிப்புத்தகத்தில் இருந்த எந்த ஏற்பாடும் இல்லை என்பது தெரியும். மீனை ஆயிரம் தடவை பார்த்த ஒருவரின் கண்தான் பிடித்தது. ஆய்வகமும் கத்தியும் அதற்கு அப்புறம் வந்தவை.

பொய்யைக் கண்டுபிடிக்கும் பெட்டி

ஆனால் எல்லா மோசடியும் மீனின் உடலில் தடயம் விடுவதில்லை. தூண்டிலை ஐந்து நிமிடம் முன்னதாகத் தண்ணீரில் போட்டால் மீனில் என்ன தெரியும்? ரீலைச் சுற்றியது போட்டியாளரா, சம்பளத்துக்கு வந்த படகு உதவியாளரா என்று தராசு சொல்லுமா? இதனால்தான் பெரிய போட்டிகள் உண்மை கண்டறியும் சோதனையைப் பிடித்துக்கொண்டன. குறிப்பிட்ட தொகைக்கு மேல் வெல்பவர்களை அந்தச் சோதனைக்கு உட்காரச் சொல்லலாம் என்பது நுழைவுப் படிவத்திலேயே இருக்கும். கையெழுத்துப் போட்டால்தான் போட்டியில் சேரலாம்.

அந்தக் கருவி உண்மையில் பொய்யைக் கண்டுபிடிக்கிறதா? இதயத் துடிப்பு, மூச்சு, வியர்வை இவற்றின் மாற்றத்தைத்தான் அது அளக்கிறது. பதற்றத்துக்கும் பொய்க்கும் அது வேறுபாடு காட்டும் என்பதற்கு அறிவியல் அடிப்படை பலவீனமானது என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழு 2003-இலேயே சொல்லிவிட்டது. இந்தியாவில் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், ஒருவர் சம்மதமில்லாமல் இந்தச் சோதனையை நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றங்கள் இவ்வளவு தயங்கும் ஒரு கருவியை நம்பி லட்சக்கணக்கான டாலரைக் கொடுப்பதும் பறிப்பதும் சரியா?

இந்தக் கேள்வி நிஜமாகவே நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஆகஸ்ட். ஒயிட் மார்லின் ஓப்பன் போட்டி. கல்லியனாஸா என்ற படகில் ஃபிலிப் ஹீஸ்லி 76.5 பவுண்ட் வெள்ளை மார்லினைப் பிடித்தார். அந்த ஆண்டு குறைந்தபட்சம் 70 பவுண்ட் இருந்தால்தான் வெள்ளை மார்லினுக்குப் பரிசு. அந்த வரம்பைத் தாண்டியது அந்த ஒரே மீன். பரிசு 28 லட்சம் டாலருக்கும் மேல். மீன் நிஜம், எடை நிஜம், ஈயம் கிடையாது. ஆனால் ஹீஸ்லியும் படகுக்காரர்களும் உண்மை கண்டறியும் சோதனையில் தேறவில்லை என்று போட்டி நிர்வாகம் பரிசை நிறுத்தி வைத்தது. நிர்வாகம் இதில் ஒரு புத்திசாலித்தனம் செய்தது. தானே தீர்ப்புச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ளாமல், பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என நீதிமன்றத்தையே கேட்டது.

2017 ஜூனில் மத்திய நீதிமன்ற நீதிபதி ரிச்சர்ட் பென்னட் ஹீஸ்லிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். சோதனையில் தேற வேண்டும் என்பது அவரே கையெழுத்திட்டு ஏற்ற ஒப்பந்த நிபந்தனை, அதை நிறைவேற்றவில்லை என்பது ஒரு காரணம். அதோடு நிற்கவில்லை. காலை 8.30 மணிக்கு முன் தூண்டில் தண்ணீரில் இருக்கக் கூடாது என்பது போட்டி விதி. படகின் எஞ்சின் தரவையும், மீன் சிக்கிய நேரத்தைக் குறிக்கும் தாளில் இருந்த திருத்தத்தையும் வைத்து, 8.30-க்கு முன்பே தூண்டில் போட்டுவிட்டார்கள் என்ற முடிவுக்கும் நீதிபதி வந்தார். 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பணம் மற்ற பிரிவுகளில் வென்றவர்களுக்குப் பிரிந்துபோனது. பெரிய சூரை மீன் ஒன்றைப் பிடித்திருந்தவருக்கு மட்டும் சுமார் 23 லட்சம் டாலர்.

நீதிபதி கருவியை மட்டும் நம்பியிருந்தால் இந்தத் தீர்ப்பை ஏற்பது எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். எஞ்சின் தரவு இருந்தது, சரி. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையின் உண்மையான பயன் பொய்யைப் பிடிப்பதில் இல்லை, பயமுறுத்துவதில் இருக்கிறது. கரைக்குத் திரும்பியதும் ஒருவர் ஒயரை மாட்டிக் கேள்வி கேட்பார் என்ற நினைப்பு கடலில் இருக்கும்போதே கையைக் கட்டும். க்ளீவ்லாண்ட் இருவர் மேல் 2021-இலேயே சந்தேகம் விழுந்ததும் இப்படித்தான். ஈரி ஏரியின் வேறொரு பெரிய போட்டியில் முதலிடம் வந்து, ஒருவர் சோதனையில் தேறாததால் தகுதி இழந்தார்கள். அப்போது கருவி சொன்னது சரியாக இருந்திருக்கலாம், ஆனால் அதை வைத்து யாராலும் குற்றம் சாட்ட முடியவில்லை. மறு ஆண்டு வசந்த காலத்தில் இன்னொரு போட்டி தொடர்பாகப் போலீஸ் விசாரித்தது. ஏமாற்றியிருக்கலாம், ஆனால் வழக்குக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் தரப்பில் கைவிட்டார்கள். மீனைக் கிழித்த பிறகுதான் சட்டம் அசைந்தது.

சிறை வரை

சட்டம் அசைந்ததும் நன்றாகவே அசைந்தது. ஒஹையோவில் மீன் போட்டிக்கென்று தனிச்சட்டம் தேட வேண்டியிருக்கவில்லை. சூதாட்டம் பற்றிய சட்ட அத்தியாயத்திலேயே போட்டிகளில் மோசடி செய்வதும் குற்றமாக இருக்கிறது. பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோமே, அந்த அத்தியாயம் பொருத்தமாகத்தான் படுகிறது. மோசடியோடு பெருந்திருட்டு முயற்சி, குற்றக் கருவிகள் வைத்திருந்தது என்று பெருங்குற்றப் பிரிவுகளும், வனவிலங்கைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததாக ஒரு சிறுகுற்றமும் சேர்ந்தன. 2023 மார்ச்சில் மோசடியையும் வனவிலங்குக் குற்றத்தையும் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மே மாதம் பத்து நாள் சிறை, 2,500 டாலர் அபராதம், ஒன்றரை ஆண்டு கண்காணிப்பு, மூன்றாண்டு மீன்பிடி உரிமம் ரத்து என்று தண்டனை வந்தது. குழந்தைகளுக்கு மீன்பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் தொண்டு அமைப்புக்கு நன்கொடை கொடுத்தால் அபராதத்தில் பாதி தள்ளுபடி. சுமார் ஒரு லட்சம் டாலர் பெறுமான படகும் பறிமுதல். 28,000 டாலருக்கு ஆசைப்பட்டு ஒரு லட்சம் போனது.

டெக்சஸில் 1980-களிலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. பரிசு 10,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் மோசடி பெருங்குற்றம். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டம் நன்னீர்ப் போட்டிகளுக்கு மட்டும்தான் இருந்தது. கடல் போட்டிகளையும் அதில் சேர்க்க 2011 வரை ஆனது.

படகுக்குள் ஒரு சாட்சி

சாட்சி இல்லாததுதான் பிரச்சினை என்றால் சாட்சியை ஏற்படுத்திவிடலாமே? பாஸ் போட்டிகளைப் பெரிய தொழிலாக மாற்றிய ரே ஸ்காட் இதைத் தொடக்கத்திலேயே யோசித்தவர். 1967-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பீவர் ஏரியில் 106 பேரை வைத்து அவர் தன் முதல் பெரிய போட்டியை நடத்தினார். அவர் வளர்த்த போட்டி முறையில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு போட்டியாளர்களைச் சீட்டுப் போட்டு ஒரே படகில் ஏற்றினார்கள். இருவரும் எதிரிகள், இருவரும் சாட்சிகள். செலவே இல்லாத காவல். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இந்த விளையாட்டில் அப்புறம் வரவில்லை என்பது என் எண்ணம்.

2019-இல் தொடங்கிய பாஸ் ப்ரோ டூர் இன்னும் ஒரு படி மேலே போனது. 80 போட்டியாளர்கள், ஒவ்வொரு படகிலும் ஓர் அதிகாரி. மீன் ஏறியதும் அங்கேயே எடைபோட்டு, எண்ணைப் பதிந்து, மீனைத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். கரையில் எடை மேடையே தேவையில்லை. ஆனால் அதற்குத் தொலைக்காட்சிப் பணமும் எண்ணிக்கை குறைந்த படகுகளும் வேண்டும். நூற்றுக்கணக்கான படகுகள் அட்லாண்டிக்கில் நாலா பக்கமும் சிதறும் மார்லின் போட்டியில் படகுக்கு ஓர் அதிகாரி என்பது நடக்கிற காரியமா? உள்ளூர் ஏரிப் போட்டி நடத்துகிறவருக்கும் கட்டுப்படியாகாது. அவர்கள் உலோகத்தைத் தேடும் கருவியை மீன்மேல் காட்டிப் பார்க்கலாம். ஆனால் வால்ஐ வயிற்றில் சதைத் துண்டும் இருந்ததே, அது அந்தக் கருவியில் கத்தாது. கிழித்துப் பார்க்கலாம் என்றால், மீனை உயிரோடு திருப்பி விடும் போட்டிகளில் அதற்கும் வழியில்லை.

சாட்சி வைக்க முடியாத இடத்தில் விதியைத்தான் இறுக்க முடியும். பாஸ் போட்டிகளில் தாமதமாக வந்தால் நிமிடத்துக்கு ஒரு பவுண்ட் கழிப்பார்கள்; பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் அன்றைய மீன் எல்லாமே போச்சு. ஏன் தாமதம், எஞ்சின் கெட்டுப்போனதா என்று கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் எல்லோருக்கும் எஞ்சின் கெட்டுப்போகும். இந்த மனநிலையைப் புரிந்துகொண்டால்தான் இனி வரும் இரண்டு கதைகளும் புரியும். இரண்டும் ஒரே ஊரில், ஒரே போட்டியில் நடந்தவை.

ஏமாற்றாமலே தகுதி இழந்தவர்கள்

வடக்கு கரோலினாவின் மோர்ஹெட் சிட்டியில் நடக்கும் பிக் ராக் நீல மார்லின் போட்டியின் வேர் 1957 வரை போகிறது. 2010-இல் சைட்டேஷன் என்ற படகு 883 பவுண்ட் நீல மார்லினைக் கொண்டுவந்தது. நானூறு கிலோ, அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதுவரை அத்தனை பெரிய மீன் வந்ததில்லை. பரிசு 12 லட்சம் டாலருக்கும் மேல். அப்புறம்தான் தெரிந்தது, படகு உதவியாளரிடம் மாநில மீன்பிடி உரிமம் இல்லை. சில டாலர் சமாச்சாரம். மீன் பிடிபட்ட பிறகுதான் வாங்கியிருக்கிறார்கள். தகுதி நீக்கம்.

படகு உரிமையாளர்கள் விடவில்லை. கீழ் நீதிமன்றம் போட்டி நிர்வாகம் பக்கம் நின்றது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படியே, ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். 2013-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஒற்றை நீதிபதியின் வாதத்தையே ஏற்றுக்கொண்டு தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. எனக்கும் அந்தப் பக்கம்தான் மனம் சாய்கிறது. எல்லோரிடமும் உரிமம் இருக்க வேண்டும் என்பது நல்ல விதிதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் உதவியாளரின் காகிதம் மீன் பிடிபட்ட விதத்தில் எதையும் மாற்றவில்லை. மற்ற படகுகளுக்கு எதிராக ஒரு கடுகளவு சாதகத்தைக்கூட அது தரவில்லை.

அதே தராசில் வைத்துப் பார்த்தால் 2023-இன் கதை வேறு. போட்டியின் கடைசி நாள், ஜூன் 17. சென்சேஷன் என்ற படகு 619.4 பவுண்ட் நீல மார்லினோடு போராடி ஆறு மணி நேரத்துக்கு அப்புறம் ஏற்றியது. கரையில் கூட்டம் ஆர்ப்பரித்தது. முதல் பரிசும், 500 பவுண்டைத் தாண்டிய முதல் மீனுக்கான தனிப் பரிசான 7,39,500 டாலரும் சேர்த்துச் சுமார் 35 லட்சம் டாலர், 28 கோடி ரூபாய். ஆனால் மீனின் உடலில் கடித்துப் பிய்ந்த காயம் இருந்தது. நிர்வாகம் மாநில மீன்வள உயிரியலாளர்களையும் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கமான ஐஜிஎஃப்ஏ அதிகாரிகளையும் கலந்து, மறுநாள் காலை முடிவைச் சொன்னது: கரைக்கு வருமுன்பே சுறாவோ வேறு விலங்கோ கடித்துக் குதறிய மீன், ஆகவே செல்லாது. 484.5 பவுண்ட் மீன் பிடித்த சுஷி என்ற படகுக்கு 27.7 லட்சம் டாலர் போனது. சென்சேஷன் தரப்பு வழக்குப் போட்டது.

ஊரெல்லாம் நிர்வாகத்தைத் திட்டியது. கடித்ததால் எடை குறையத்தானே செய்யும், இதில் பிடித்தவருக்கு என்ன லாபம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் விதி எடையைப் பற்றியதே இல்லை. தூண்டில் விளையாட்டு என்பது ஒரு மனிதருக்கும் ஒரு மீனுக்கும் நடக்கும் சண்டை, மூன்றாவது ஆள் தலையிடக் கூடாது. போட்டியாளரைத் தவிர வேறொருவர் தூண்டிலையோ ரீலையோ தொட்டுவிட்டாலே ஐஜிஎஃப்ஏ விதிப்படி அந்த மீன் செல்லாது. சுறா கடித்து ரத்தம் ஒழுகும் மார்லின் பாதி தோற்ற மார்லின். சுறாவும் ஒரு மூன்றாவது ஆள்தான். சதையைப் பிய்த்த அல்லது துளைத்த காயம் மட்டும்தான் தகுதியைக் கெடுக்கும். தூண்டில் நரம்பு உரசிய சிராய்ப்போ ஆறிப்போன பழைய தழும்போ கெடுக்காது என்றும் விதியே பிரித்துச் சொல்கிறது. இந்தக் கண்டிப்பு இன்றைக்கு வந்ததும் இல்லை. 1930-இல் டஹிட்டி கடலில் நாவலாசிரியர் ஸேன் கிரே 1,040 பவுண்ட் மார்லினைப் பிடித்தார். தூண்டிலில் ஆயிரம் பவுண்டைத் தாண்டிப் பிடிபட்ட முதல் மீன் என்று இன்றும் பேசப்படுகிறது. சுறாக்கள் அதன் சதையைப் பிடுங்கியிருந்ததால் அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை.

கடி சின்னது, கடைசி நேரத்தில்தான் நடந்தது, சண்டையை அது மாற்றியிருக்காது என்று சொல்லலாம். இருக்கலாம். அதைப் பார்த்தவர்கள் யார்? படகில் இருந்தவர்கள் மட்டும். அவர்கள் பொய் சொன்னதாக நிர்வாகம் எந்த இடத்திலும் சொல்லவில்லை. அவர்கள் வார்த்தையை நம்பி இந்த மீனைச் சேர்த்துக்கொண்டால், அடுத்த ஆண்டு பாதி உடலோடு வரும் மீனுக்கும் அதே வார்த்தையைத்தான் நம்ப வேண்டியிருக்கும். எவ்வளவு கடி வரை செல்லும் என்று கரையில் நிற்கும் ஒருவர் தன் கண் அளவில் முடிவு செய்ய வேண்டும், அதுவும் 35 லட்சம் டாலரைக் கையில் வைத்துக்கொண்டு. அந்தப் பணத்தில் சுஷி படகுக்காரர்கள் கட்டியதும் இருந்தது, வெறுங்கையோடு திரும்பிய மற்ற படகுக்காரர்கள் கட்டியதும் இருந்தது. அவர்கள் எல்லோரும் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துக் கையெழுத்திட்ட தாளில் கடிபட்ட மீன் செல்லாது என்பதும் இருந்தது.